வகர அணி

கிரிக்கெட் இரசிகர்கள் கூடும் இடங்களில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பப் பெயர் அந்த எழுத்தில் தொடங்கும் ஆட்டக்காரர்களை மட்டும் கொண்டு, எக்காலத்துக்கும் சிறந்த அணி ஒன்றை அமைக்க வேண்டும். செலவில்லாத விளையாட்டு, ஆனால் வாக்குவாதத்துக்குக் குறைவிருக்காது. இதையே தமிழர்களாகிய நாம் ஆடினால் என்ன ஆகும்?

நான் கம்போங் குவாந்தானைச் சேர்ந்தவன். சிலாங்கூர் ஆற்றில் மின்மினிகளைக் காட்டப் படகு விடும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பந்து என்றாலே காற்பந்துதான். கிரிக்கெட் எங்களுக்குத் தொலைக்காட்சி வழி வந்த விருந்தாளி. அதனால் மட்டை பிடிப்பதை விடப் பட்டியல் போடுவதில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம்!

முதலில் ஆங்கில 'வி' எழுத்தை எடுத்துக்கொண்டேன். தொடக்க ஆட்டக்காரர்கள் முரளி விஜய், 2005-இல் ஆஷஸ் தொடரை வென்ற இங்கிலாந்துத் தலைவர் மைக்கல் வான். மூன்றாமவர், லார்ட்ஸ் திடலில் மூன்று சதங்கள் (1979, 1982, 1986) அடித்த திலீப் வெங்சர்க்கார். நான்காமவர் குண்டப்பா விஸ்வநாத். 1975-இல் சென்னையில் ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு எதிரே ஆட்டமிழக்காமல் அவர் எடுத்த 97 ஓட்டங்கள் பல சதங்களை விடப் பெரியவை. ஐந்தாமவர், 20 டெஸ்டுகளில் 61.87 சராசரி பெற்ற ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ். விக்கெட் காப்பாளர் தென்னாப்பிரிக்காவின் டேன் விலாஸ். பிறகு, டெஸ்டில் 362 விக்கெட்டுகளும் 4,531 ஓட்டங்களும் எடுத்த டேனியல் வெட்டோரி. வேகத்துக்குச் சமிந்த வாஸும் பில் வோஸும். சுழலுக்கு, 1932-இல் யார்க்‌ஷயருக்காக 10 ஓட்டங்களுக்கு 10 விக்கெட்டுகளை வீழ்த்திய ஹெட்லி வெரிட்டியும், நம் சென்னை எஸ். வெங்கட்ராகவனும்.

நல்ல அணிதான். ஆனால் இதே விதியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' ஆகிய இரண்டும் நமக்கு வகரமே. உடனே பெரிய கதவு ஒன்று திறக்கிறது. 708 விக்கெட்டுகளுடன் ஷேன் வார்ன் வருகிறார். 519 விக்கெட்டுகளுடன் கோர்ட்னி வால்ஷ் வருகிறார். ஸ்டீவ் வா வருகிறார். பார்படோஸ் தீவின் மும்மூர்த்திகளான வோரல், வீக்ஸ், வால்காட் ஆகியோரும் வந்துவிடுகிறார்கள். வால்காட் டெஸ்டுகளில் விக்கெட் காத்தவர் என்பதால் விலாஸுக்கு ஓய்வு! இப்போது அணி இதுதான்: விஜய், வான், வீக்ஸ், வோரல், விஸ்வநாத், வா, வால்காட், வெட்டோரி, வாஸ், வார்ன், வால்ஷ். வெங்கட்ராகவனை நீக்கியதில் எனக்கு வருத்தம்தான். வார்னிடம் இடம் இழப்பது இழுக்கில்லை.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. பெயர்ச் சிக்கல் இனிதான் தொடங்குகிறது. முரளி விஜயில் முரளி என்பது தந்தையின் பெயர். விஜய் அவருடைய சொந்தப் பெயர். விஜய் சங்கரில் விஜய் சொந்தப் பெயர். சங்கர் தந்தையின் பெயர். இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். இருவருக்கும் பெற்றோர் இட்ட பெயர் விஜய். ஆனால் ஆட்டப் பலகையில் கடைசியாக நிற்கும் பெயரே குடும்பப் பெயர் என்று கொண்டால் ஒருவர் வகர அணியில், மற்றவர் சகர அணியில்!

வாஷிங்டன் சுந்தரின் கதை இன்னும் ஆழமானது. தமக்கு இளமையில் உதவிய, முன்னாள் இராணுவ வீரரான பி. டி. வாஷிங்டனின் நினைவாகவே சுந்தர் தம் மகனுக்கு அப்பெயரை வைத்தார். அது ஒரு நன்றிக்கடன். குடும்பப் பெயர் விதியோ அந்த நன்றியைத் தள்ளிவிட்டுத் தந்தையின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இது தமிழருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2023-இல் பண்டமாரான் பாயுமாஸ் திடலில் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆடவர் பன்னாட்டு டி20 ஆட்டமொன்றில் 7 விக்கெட் எடுத்த முதல் வீரரானார் நம் மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ். மலாய்ப் பெயர்களிலும் பின்னால் நிற்பது தந்தையின் பெயரே. கோலாலம்பூரில் பிறந்து, 2011-இல் சமர்செட் அணிக்காக 5 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்து அன்றைய டி20 உலகச் சாதனையைப் படைத்த அருள் சுப்பையாவையும் ஆட்டப் பலகை 'சுப்பையா' என்றே அறியும்.

விளையாட்டாகத் தொடங்கியது நம் அடையாள அட்டைக்கே வந்துவிட்டது, பார்த்தீர்களா? நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' நிற்கிறது: இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அதற்கு மேல் ஏணி இல்லை. தாத்தாவின் பெயர் என் அப்பாவின் அட்டையில் உண்டு. என் அட்டையில் கிடையாது. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று எழுத்துகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பாரத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் தந்தையின் பெயரை நிரப்பினால், அங்குள்ளவர்கள் நம்மை அப்பாவின் பெயர் சொல்லி அழைப்பார்கள். மரியாதைதான், ஆனால் அழைக்கப்படுவது நாமல்லவே!

ஆகவே நான் விதியைத் திருத்திக்கொண்டேன். எழுத்து தமிழ் எழுத்து. பெயர் அவரவர் மரபுப்படி. வார்னுக்கு அவர் குடும்பப் பெயர், தமிழருக்கு அவர் சொந்தப் பெயர். இதன்படி வாஷிங்டன் வகர அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர். யாருக்கேனும் காயம் என்றால் உள்ளே வந்துவிடுவார்.

நண்பர்களே, இனி உங்கள் முறை. மகரத்தை எடுத்தால் முத்தையா முரளிதரனைப் பற்றிச் சண்டையே இல்லை. தந்தை, மகன் இருவர் பெயரும் மகரம். ககரத்தை எடுத்தால் கவாஸ்கர், கோலி, கிரேஸ், காலிஸ், கில்கிறிஸ்ட், கும்ப்ளே ஆகிய அனைவரும் ஒரே அணி. ஆங்கிலத்தில் இவர்களை ஒன்றுசேர்க்க முடியாது. உங்கள் சொந்தப் பெயரின் முதல் எழுத்திலிருந்தே தொடங்குங்கள்.