விரால் குஞ்சுக்கும் ஒரு ஊர்க்கட்டுப்பாடு வருமா? திண்டுக்கல் மீன்பிடித் திருவிழா

கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டால், திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம், சாணார்பட்டி வட்டாரக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா களைகட்டும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் கூட்டம் வலை, கச்சா, ஊத்தாவோடு தண்ணீருக்குள் பாயும்.

ஊத்தா என்பது அடி அகன்று, மேல் வாய் குறுகிய குச்சிக்கூடு. மீன் இருக்கும் இடத்தில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிப்பார்கள்.

கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி எது கிடைத்தாலும் விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழை பெய்து விவசாயம் செழிக்கும் என்பது நம்பிக்கை. ஆனால், எல்லோரும் தேடுவது விராலைத்தான்!

காவல் நிற்கும் மீன்

விரால், வேட்டையாடும் நன்னீர் மீன். தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் தாக்குப்பிடிக்கிறது.

மழைக்காலத்தில் குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும்போது, அடியில் பெரிய விரால் இருப்பது தெரிந்துவிடும். அங்கே தவளை கோர்த்த தூண்டிலைப் போட்டால், குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். காவல் போனால், குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக்கு இந்தச் சிக்கல் குறைவு. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால், எந்தக் குளத்திலும் பெருகிவிடும்.

கடலுக்கு 61 நாள்

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் விரும்பும் பாஸ் மீனும் இப்படிக் கூட்டைக் காக்கும். அங்கே பல இடங்களில் முட்டையிடும் காலத்தில் பாஸ் பிடிக்கக் கட்டுப்பாடு உண்டு. நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது.

கண்மாய்க்கு? அதற்கான வழியும் ஊர்களிடமே இருக்கிறது. திருவிழா நாள் வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக் காக்கும் ஊர்கள், மழைக்காலத்தில் குஞ்சோடு திரியும் விராலைத் தொடக் கூடாது என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மழைக்கு உங்கள் ஊர்க் குளத்தில் செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால், தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழாவில் உங்கள் ஊத்தாவுக்குள் துள்ளப்போவது அதுதான்!