கோடியில் கிடக்கும் திரிகையை மீட்போம்

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களின் வளவுகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கூரை போயிருக்கும். கதவு நிலைகள் போயிருக்கும். கிணற்றுக் கப்பியும் போயிருக்கும். ஆனால் கோடிப்புறத்துப் பற்றைக்குள் திரிகைக் கல் மட்டும் கிடக்கும். பாரம் என்பதால் நாமும் அதைக் கொண்டு போகவில்லை; களவெடுத்தவர்களும் தூக்கவில்லை.

இப்படித் தப்பிய கல்லை “பழசு” என்று வேலிக்கரையில் தள்ளிவிடுவோரும், வந்த விலைக்கு விற்றுவிடுவோரும் எம்மிடையே உள்ளனர். அதற்கு முன் சற்று யோசிப்போம். 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்று, எரிபொருளும் தட்டுப்பட்டபோது, பல வீடுகளில் திரிகையும் உரலுமே கைகொடுத்தன. 2022 மார்ச் முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மில் ஓடாத நாட்களையும் நாம் மறக்கவில்லை.

மேலும், குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். அந்தக் கல் மென்மையானது. அரைக்கும்போது தேய்ந்து மாவுடன் கலக்கும். திரிகைக்கு வேண்டிய கருங்கல் வெளியிலிருந்தே வந்தது. எனவே கைவிட்ட கல்லுக்குப் பதில் கல் எடுப்பது இலேசான காரியம் அல்ல.

முதலில் காணி, பிறகு கல்

பற்றைக்குள் கல் தெரிகிறது என்று உடனே மண்வெட்டியுடன் இறங்கக் கூடாது. அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவிக்க வேண்டும். எந்தத் திரிகையும் ஒரு காலுக்கு ஈடாகாது.

திரிகை எப்படி அரைக்கிறது?

கீழ்க்கல் அசையாது. அதன் நடுவில் உள்ள முளையைச் சுற்றி மேற்கல் சுழலும். மேற்கல்லின் வாயில் இடும் தானியம் இரு கற்களுக்கும் நடுவே இறங்கி, உடைந்து, விளிம்பை நோக்கி நகர்ந்து மாவாக வெளியே விழும். நடுவில் கற்களுக்கிடையே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தானியம் உள்ளே போகாது. விளிம்பில் கற்கள் நெருங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மா வராது, குறுணிதான் வரும். கல்லில் பொளிந்த கோடுகள் கத்தரிக்கோலின் அலகுகள் போல ஒன்றையொன்று கடந்து தானியத்தை வெட்டுகின்றன. கோடுகள் தேய்ந்தால் கல் வழுக்கும். எவ்வளவு சுற்றினாலும் கைதான் நோகும்.

திருத்தும் முறை

1. கல்லைத் தட்டிப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஓசை வந்தால் கல் நல்லது. மந்தமான ஓசை வந்தால் வெடிப்பு இருக்கலாம். வெடிப்பைச் சீமெந்தால் பூசி அரைக்கக் கூடாது. சீமெந்து உதிர்ந்து மாவுடன் சேரும்.

2. பிடியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். பிடியின் மரம் ஈரத்தில் ஊதிக் கல்லைப் பிளக்கக்கூடும். தும்புத் தூரிகையும் சுடுநீரும் போதும், சவர்க்காரம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள்.

3. முளையைப் புதுப்பியுங்கள். பாலை, முதிரை போன்ற வைர மரத்தில், நன்கு காய்ந்த துண்டில் செதுக்க வேண்டும். முளை சரிந்தால் மேற்கல்லும் சரிந்து ஒரு பக்கம் மட்டும் தேயும்.

4. மேடுகளைக் கண்டுபிடியுங்கள். செங்கல் தூளை நீரில் குழைத்துக் கீழ்க்கல்லில் மெல்லப் பூசி, மேற்கல்லை வைத்து ஒரு சுற்றுச் சுற்றித் தூக்குங்கள். மேற்கல்லில் சிவப்புப் பட்ட இடங்களே மேடுகள். அவற்றை முதலில் தட்டி எடுக்க வேண்டும்.

5. கல்லைப் பொளியுங்கள். ஊரில் அம்மி பொளியும் ஒருவர் இருந்தால் அவரிடமே கொடுப்பது நல்லது; அவருக்கும் அது பிழைப்பு. கோடுகள் ஒரு நூல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். விளிம்பை நெருங்க ஆழம் குறைய வேண்டும். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நெஞ்சுக்குள் போய்ப் படிந்தால் மாறாத சுவாச நோய் வரும். ஆகவே கல்லை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடி, கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

6. முதல் மாவை உண்ணாதீர்கள். குறுணி அரிசியை மூன்று நான்கு தடவை அரைத்துக் கொட்டுங்கள். பின்பு ஒரு கரண்டி மாவைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கிப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் இன்னும் அரைத்துக் கொட்ட வேண்டும்.

அரைக்கும்போது

குரக்கனைப் புடைத்து, கல் மண் போக அரித்து, நன்கு காயவைக்க வேண்டும். ஈரத் தானியம் கோடுகளில் அப்பிக்கொள்ளும். கீழே சுத்தமான பாய் விரித்து, ஒவ்வொரு சிறங்கையாக இட்டு, ஒரே சீராகச் சுற்றுங்கள். அள்ளிப் போட்டால் மேற்கல் உயர்ந்து மா பருமனாக வரும். அரிதட்டில் அரித்து, மிஞ்சிய கப்பியை மீண்டும் அரைக்கலாம். உழுந்து, பயறு உடைப்பதற்கு முளையைச் சுற்றித் தோல் வளையம் ஒன்றை வைத்தால் மேற்கல் சற்று உயர்ந்து, பருப்பு மாவாகாமல் இரண்டாகப் பிளக்கும்.

திரிகையால் என்ன முடியும், என்ன முடியாது?

மில்லைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. மூடைக் கணக்கில் அரைக்க மில்தான் வேண்டும். ஆனால் ஒரு நேரப் பிட்டுக்கோ களிக்கோ வேண்டிய மாவுக்காகப் பஸ் ஏறத் தேவையில்லை. குரக்கன் தானியமாக இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. மாவாக்கினால் விரைவில் பழுதாகும். எனவே வேண்டும்போது வேண்டிய அளவு அரைப்பதே இலாபம். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது பெரிய உதவி.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திரிகை சுற்றுவது கடினமான வேலை. அது தாயின் தோளிலோ மூத்த மகளின் தோளிலோ மட்டும் விழக் கூடாது. இருவர் எதிரெதிரே இருந்து சுற்றும் வழக்கம் முன்பே உண்டு. அந்த இருவரில் ஒருவர் ஆணாக இருப்பதில் குறையொன்றும் இல்லை.

கடனுக்கு ஈடாகத் திரிகையை மட்டுமல்ல, அதன் மேற்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. மேற்கல் போனால் கீழ்க்கல் வெறுங்கல். அந்த வீட்டில் அன்று மா இல்லை. அன்று கடன்காரனிடமிருந்து காக்கப்பட்ட அந்தக் கல்லை, இன்று நாமே அற்ப விலைக்குக் கொடுக்கலாமா?

இந்தக் கிழமை கோடிப்புறம் போங்கள். கல்லை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.