குளிருக்கு இதமா குடி?

கொடைக்கானலுக்கு இப்போது பெண்கள் மட்டுமே சேர்ந்தும் வருகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பழைய கல்லூரித் தோழிகள் வட்டக்கானல் பக்கம் காட்டேஜ் எடுத்து, நெருப்பு மூட்டி, விடிய விடியப் பேசுகிறார்கள். சிலர் கையில் பீரோ வோட்காவோ இருக்கும். தமிழ்நாட்டில் குடிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மறைத்துச் சொன்னவர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மறைப்புதான் எனக்குப் பெரிய கவலை.

கூடிக் குடிக்கையில் நெருக்கம் கூடுவது பொய்யல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சயெட் குழுவினர், முன்பின் அறியாத 720 ஆண்களையும் பெண்களையும் மூவர் மூவராக உட்காரவைத்துப் படம்பிடித்தார்கள். மது அருந்திய குழுக்களில் மூவரும் ஒருசேரச் சிரித்த தருணங்கள் அதிகம். 2012-இல் வெளியான ஆய்வு இது. ஆனால் அங்கே கொடுத்தது அளந்த மது. மலையில் யாரும் அளப்பதில்லை.

அளந்து பார்ப்போம். 42.8 சதவீத மதுவில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, உள்ளே போனால் சுமார் 30 கிராம் ஆல்கஹால் சேர்கிறது. அது உடம்பின் நீரில்தான் கரையும். ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர், பெண்ணின் எடையில் சரிபாதிதான். இருவரும் 60 கிலோ என்றால், அதே கட்டிங்கில் பெண்ணின் உடம்பில் ஆல்கஹாலின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். எலுமிச்சைச் சாறோ மோரோ காபியோ அதை விரைவுபடுத்தாது. பையன்களுக்கு ஈடுகொடுக்கும் போட்டி பெண்ணுக்கு உடலளவிலேயே நியாயமற்றது.

குளிருக்கு இதம் என்பது உடம்பு ஏமாறுவது. மது தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து காற்றில் போய்விடுகிறது. கதகதப்பாகத் தோன்றும்போதே உள்வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும். நடுக்கமும் மட்டுப்படும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். சனவரியில் ஏரியோரப் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. அங்கே போதையில் வெளியே படுத்துவிடுபவளுக்குக் குளிரே ஆபத்து.

"மப்புல தூங்குறா, விடுடி, காலைல சரியாயிடும்" என்று கதவைச் சாத்திவிட்டு வருவது அன்பினால்தான். ஆனால் அவள் வயிற்றில் மிச்சமிருக்கும் மது தூக்கத்திலும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடக்கையில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்கும். தெளிவிக்கத் தலையில் தண்ணீர் ஊற்றினால் உள்வெப்பம் இன்னும் குறையும்.

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். போர்த்துங்கள். ஒருத்தியாவது குடிக்காமல் பக்கத்தில் விழித்திருங்கள். எழுப்பியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுகூட இல்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். "வீட்டுக்குத் தெரிந்துவிடுமே" என்று தயங்காதீர்கள். பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கிப் போகவே மணிக்கணக்கில் ஆகும். பெற்றோர்களே, அந்த நேரத்தில் மகள் போன் செய்தால் எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். திட்டுவதை அவள் பிழைத்து வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.