கோழிக் கூட்டுக் கதவு

பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. மேற்கே பச்சைமலை, சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும். கொல்லையில் நாலு நாட்டுக்கோழி மேய்கிற வீடுகள் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

கோழியும் முட்டையும் விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியின் கைக்காசு. பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், தமக்கு ஒரு தலைவலி மாத்திரை என்று யாரிடமும் கை நீட்டாமல் வாங்க உதவுவது அதுதான். பொழுது விடிந்து பார்க்கும்போது கூட்டில் இறகு மட்டும் கிடந்தால், போனது கோழி மட்டுமா? அந்த அம்மாளின் உண்டியலே அல்லவா கொள்ளை போய்விட்டது!

திருடன் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பட்டப்பகலில் குஞ்சு மாயமாய் மறைந்தால் வல்லூறையோ, பருந்தையோ, காக்கையையோ சந்தேகிக்கலாம். பகலில் கோழி கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் பெரும்பாலும் கீரி. இரவில் கூரை இடுக்கு வழியே இறங்கி வருவது மரநாய். கோழியை முழுதாகத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் இறகை மட்டும் விட்டுவைத்தால் காட்டுப்பூனையாக இருக்கும். பல கோழிகளைக் குதறித் தின்னாமலே போட்டிருந்தால் மலையின் மேல் பழி போடாதீர்கள், தெருநாயாக இருக்கலாம்! ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தால், பாம்பு வந்ததோ என்று பாருங்கள்.

அமெரிக்காவில் ராக்கூன் என்றொரு பிராணி உண்டு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. முன்னங்கால் விரல்களால் தாழ்ப்பாளையே திறந்துவிடும். நம் ஊர்த் திருடர்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் தேவையில்லை. நாம்தான் கதவையே சாத்துவதில்லையே!

பகலில் தாய்க்கோழி நல்ல காவல்காரி. வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு வேறு குரல் கொடுக்கும். இருட்டிலோ அதற்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே பலியாகிவிடும். ஆகையால் அந்தி சாய்வதற்குள் கோழிகளை எண்ணி அடைத்துத் தாழிடுங்கள். செலவில்லாத காவல் இதுவே.

மற்றவை சிறு வேலைகள்தாம். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பல்லுள்ள பிராணியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே நல்லது. அதன் அடிப்பாகத்தை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தால், தோண்டி வருகிறவை திரும்பிப் போகும். குஞ்சுகள் தேறும்வரை பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். முட்டையை அன்றாடம் எடுத்துவிடுங்கள். சிந்திய தீனியைக் கூட்டித் தள்ளுங்கள். அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

ஆத்திரத்தில் விஷம் வைக்க மட்டும் துணியாதீர்கள். உங்கள் வீட்டு நாயும், ஊர்க் குழந்தையும் அதற்கு இரையாகலாம். மேலும், கீரியையும் மரநாயையும் காட்டுப்பூனையையும் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை வயலில் எலி பிடித்து நமக்கு உதவுகிறவையும்கூட.

இன்று மாலை விளக்கேற்றும் வேளையில் ஒரு நடை கொல்லைப்புறம் போய், கூட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். நாளைக் காலையில் சேவல் கூவி உங்களை எழுப்பும்.