பரிசுப் பணமும் நுழைவுக் கட்டணமும்

துவிச்சக்கர வண்டிப் பந்தயங்களிலே பரிசு பெறுவோர் சிலர். கட்டணம் செலுத்துவோரோ பலர். பின்னே வருவோரின் காசே முன்னே செல்வோரின் பரிசாவது முறையாகுமா என நாம் சிந்தித்தல் வேண்டும்.

காசுக்காக ஓடாதவரே அமெச்சூர் என்பது பழைய இலக்கணம். அது பரிசை ஒழிக்கவில்லை; அதன் உருவையே மாற்றியது. அமெரிக்க வீரர் ஆதர் சிமர்மன் அமெச்சூராயிருந்த காலத்திற் பணத்துக்குப் பதிலாகச் சைக்கிள்களையும் பியானோக்களையும் பரிசாகப் பெற்றார் என்பர். 1893 இல் சிக்காகோவில் உலகப் பட்டம் வென்ற அவர், அடுத்த ஆண்டிலே தொழில்முறை வீரரானார். 1996 இல் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயங்களிலே தொழில்முறை வீரருக்கும் இடம் கிடைத்தபோது அவ்விலக்கணம் வலுவிழந்தது.

கட்டணத்தின் கதையோ வேறு. 1903 இல் முதலாவது 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்துக்குத் தொடக்கத்திற் பதினைந்து பேரளவிலேயே பெயர் பதிந்தனர். அமைப்பாளர் ஹென்றி டெகிராஞ்சு கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 பிராங்காகக் குறைத்தார், பந்தய நாட்களைச் சுருக்கினார், நாட்படியும் அறிவித்தார். 60 பேர் புறப்பட்டனர்; 21 பேர் முடித்தனர். வாகை சூடிய மொரிஸ் கரன், இளமையிற் புகைபோக்கி துடைத்துப் பிழைத்தவர்.

பணத்துக்கு ஓடியோருக்கே கட்டணக் குறைப்பு உதவியதெனின், கைப்பொருள் செலவிட்டு ஓடும் இளைஞருக்கு அது எத்துணை உதவும்! முதற் பரிசைச் சற்றுக் குறைத்தேனும் மாணவருக்குக் கட்டணத்தைக் குறைப்பதே நன்று. வெல்பவன் ஒருவனே, ஆயினும் ஓடுவோர் பலரின்றிப் பந்தயம் ஏது?