டெலிவரி வண்டி வாங்கும் முன்

வீட்டுக்குச் சரக்கு அனுப்ப மொபெட் வாங்கி, புதிதாக ஓட்டப் பழகிய பணியாளரிடம் கொடுக்கும் உறுப்பினர்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் லைசென்ஸ். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டியவர் 18 வயது நிரம்பாத பையன் என்றால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த நஷ்டஈட்டை நம்மிடமே திரும்ப வசூலிக்கவும் இடமுண்டு.

பழைய வண்டியானால், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியோடு ஒத்துப் பார்த்து, தாமதமின்றிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வண்டி ஆளுக்குப் பொருந்த வேண்டும். உட்கார்ந்தால் இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும். பிரேக் லிவர் விரல்களுக்கு எட்ட வேண்டும். கனமான மூட்டையைத் தாழ்வாக வைத்துக் கட்டுங்கள். பின்னால் உயரமாக அடுக்கினால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் ஆடும். சுமை ஏற்றும் நாளில் பின் டயரின் காற்றைக் கம்பெனி குறிப்பேட்டில் கண்டபடி வைக்கவும்.

முதல் வாரம் வெறும் வண்டி, பிறகு சிறு சுமை, அதன்பின் அரிசி மூட்டை என்று பழக்குவதே முறை. ஹெல்மெட்டையும் வண்டிச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு அரை மணி தாமதமானால் வாடிக்கையாளர் பொறுப்பார்; ஆளுக்கு அடிபட்டால் அந்தக் குடும்பத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.