கோட்டைக்கு ரயில் போகும், தோட்டத்துக்குப் போகாது

போன மே மாதக் கடைசியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இரண்டு வாரம்தான் லீவு. "இங்க ஏதோ கோட்டை எல்லாம் இருக்காமே, பூந்தோட்டம் இருக்காமே, ஒண்ணு ரெண்டு காட்டேன்" என்றார். நான் இருப்பது பர்மிங்ஹாமில். ஆராய்ச்சி மாணவனின் உதவித்தொகையில் இருவருக்குமாக நான் ஒதுக்க முடிந்தது 300 பவுண்டு. இதில் அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. கார் இல்லை, ஓட்டவும் தெரியாது.

வடக்கு வேல்ஸ் என்று முடிவு செய்தேன். இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் படிப்புக் குறிப்புகளைத்தான் எழுதுவேன். இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டபோது கண்டுகொண்ட ஒரு விஷயம் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் தனியாகப் போயிருந்தேன். கோட்டைகளை வரிசையாகப் போட்டு, கிடைத்த இடைவெளியில் போட்னன்ட் தோட்டத்தைச் செருகினேன். ஜூலை மாதம். டாலிகாவ்ன் என்ற குட்டி ஸ்டேஷனில் இறங்கிச் சுமார் 2 மைல் மேட்டில் நடந்தேன். போய்ச் சேர்ந்தால், எதைப் பார்க்கப் போனேனோ அந்த லாபர்னம் வளைவில் வெறும் இலைதான். பூ முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதையும் நின்று பார்க்க நேரமில்லை. அந்தப் பள்ளத்தாக்கு லைனில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நுழைவுச் சீட்டுக் காசு போனதுதான் மிச்சம்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு யோசித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது.

வடக்கு வேல்ஸின் பெரிய கோட்டைகளைக் கட்டியவர் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட். 1283இல் கான்வி, ஹார்லெக், கார்னர்வன் மூன்றிலும் வேலை தொடங்கியது, 1295இல் போமாரிஸ். நான்குமே நீர்க்கரையில் கட்டப்பட்டவை. காரணம் சோறு! சுற்றிலும் எதிரி நாடு. தரை வழியை மறித்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி. கடல் வழி திறந்திருந்தால் கப்பலில் தானியம் வரும். 1294-95 குளிர்காலத்தில் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது எட்வர்டே கான்வியில் மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்குக் கைகொடுத்தது கடல்தான்.

சுமார் 550 வருஷம் கழித்து ரயில் போட வந்த பொறியாளர்களுக்கும் அதே கரைதான் வசதி. உள்ளே முழுக்க மலை. சமதரை கடலோரத்தில்தான் இருந்தது. 1848இல் ராபர்ட் ஸ்டீபன்சன் கான்வி ஆற்றின் மேல் போட்ட குழாய்ப் பாலம் கோட்டைச் சுவரை ஒட்டியே போகிறது. கான்வி ஸ்டேஷன் ஊர் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. ஹார்லெக்கில் கோட்டைப் பாறையின் அடியிலேயே ஸ்டேஷன். போமாரிஸுக்கும் கார்னர்வனுக்கும் இன்று சாதாரண ரயில் இல்லை, பாங்கரிலிருந்து பஸ் உண்டு. மொத்தத்தில், கோட்டை பார்க்கக் கார் தேவையில்லை.

தோட்டங்களின் கதை வேறு. போட்னன்ட்டை 1874இல் வாங்கியவர் ஹென்றி பாச்சின் என்ற பணக்கார வேதியியல் தொழிலதிபர். தோட்டக்காரருக்கு வேண்டியது பள்ளத்தாக்கின் மறைப்பு, ஓடைத் தண்ணீர், தூரத்து மலைக் காட்சி. வீட்டு வாசலுக்குக் குதிரை வண்டி வந்தால் போதும். ஆகவே பழைய தோட்டங்கள் பெரும்பாலும் ரயில் பாதையிலிருந்து தள்ளித்தான் இருக்கும். அதோடு கோட்டை எல்லா மாதமும் ஒரே மாதிரி நிற்கும், பூ நிற்காது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விதி இதுதான்: முதலில் தோட்டத்தை முடிவு செய், கோட்டை தானாக வந்து சேரும். அதாவது, பூக்கும் வாரம் முதலில், தோட்டத்துக்குப் போய்வரும் பஸ் இரண்டாவது, தங்குமிடம் மூன்றாவது, கோட்டை கடைசி. போன தடவை இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இந்த முறை லாபர்னம் பூக்கும் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்த நாளில் போட்னன்ட்டுக்குப் போகவும் திரும்பவும் பஸ் இருக்கிறதோ அந்த நாளை எடுத்தேன். திரும்பும் பஸ்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்த பஸ் கிளம்பும் லாண்டிட்னோவிலேயே இரண்டு இரவுக்கு அறை. தினம் ஒரு ஊரில் தங்கினால் பெட்டி தூக்கியே அம்மா முழங்கால் போய்விடும், செலவும் ஏறும்.

மிச்சம் பிடித்த விதம்:

ரயிலுக்கு இருவர் சேர்ந்து போகும் ரயில் கார்டு வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை 9:30க்கு முன் செல்லாது, கவனம்.

பாஸ் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். அரசுக் கோட்டைகளைப் பார்த்துக்கொள்வது கடூ அமைப்பு. போட்னன்ட் போன்றவை நேஷனல் டிரஸ்ட் வசம். ஒன்றின் பாஸ் மற்றதற்கு ஆகாது. மூன்று நான்கு கோட்டை ஏறப் போகிறவருக்கு கடூ பாஸ் லாபம். எங்களுக்கு நஷ்டம்.

காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கான்வி ஊர் மதில் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரம். மேலே நடக்கக் கட்டணம் கிடையாது. கோட்டைக்குள் எல்லாம் சுழல் படிக்கட்டு. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு வெளிய இருந்தே போதும்டா" என்றார். படகுத்துறையில் உட்கார்ந்து எட்டுக் கோபுரத்தையும் பார்த்தபடி புளியோதரை சாப்பிட்டோம். கால் நன்றாக இருப்பவர்கள் உள்ளே போகாமல் வராதீர்கள்.

போட்னன்ட்டில் லாபர்னம் வளைவு 55 மீட்டர் நீளம். தலைக்கு மேல் மஞ்சள் சரம் சரமாய்த் தொங்குகிறது. அம்மா அதைச் சரக்கொன்றை என்றே நினைத்தார். தப்பில்லை; நம் சரக்கொன்றைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்று இந்திய லாபர்னம். ஆனால் இது வேறு செடி, விஷமும்கூட, தொடாதீர்கள் என்றேன்.

இன்னொரு சனிக்கிழமை, ஒரு பகல் பயணமாக, போவிஸ் கோட்டை. பர்மிங்ஹாமிலிருந்து வெல்ஷ்பூலுக்கு நேர் ரயில். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மைல் மேடு என்பதால் டாக்சிக்கு முன்பே பணம் ஒதுக்கியிருந்தேன். கோட்டையும் தோட்டமும் ஒரே இடத்தில், ஒரே சீட்டில். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம் அது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாலே முக்கால்வாசி தெரியும்.

அங்கே அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. உள்ளே கிளைவ் குடும்பத்தின் இந்தியச் சேகரிப்பு இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். அவர் மனைவி ஹென்றியட்டா இந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் போன பொருள்களில் சில இங்கே வந்து சேர்ந்தன. திப்புவின் கூடாரம், அவர் சிம்மாசனத்துப் புலித்தலை ஒன்று.

அம்மா பிறந்தது வேலூர். திப்புவின் குடும்பத்தை அதற்குப் பிறகு வைத்திருந்தது வேலூர்க் கோட்டையில்தான். சின்ன வயதில் அந்த அகழிக் கரையில் விளையாடியவர். பூப்போட்ட கூடாரத் துணி முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பிள்ளைகுட்டிய எங்க ஊருக்கு அனுப்பிட்டு, கூடாரத்த இங்க எடுத்துட்டு வந்துட்டானுங்களா? அதப் பாக்க நாம காசு குடுக்கணுமா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சீட்டு எடுத்தபோது எனக்கும் அதே உறுத்தல் இருந்தது. இருந்தாலும் பார்க்காமல் இருப்பதைவிடப் பார்த்துக் கேட்பது மேல் என்றுதான் அழைத்துப் போனேன்.

கணக்கு கேட்பீர்கள்: தங்கல் 110, ரயில் 95, இரண்டு தோட்ட நுழைவு 70, பஸ்சும் டாக்சியும் 25. சரியாக 300. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டியது. தேநீருக்கும் ஸ்கோனுக்கும் 14 பவுண்டு கூடிப்போனது. அதை அம்மா தன் கைப்பையிலிருந்து கொடுத்துவிட்டார். கட்டணங்கள் மாறும், பஸ் நேரமும் மாறும். கிளம்பும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஊருக்குப் போனதும் அம்மா போனில் சொன்னது: "வேலூர்க் கோட்டைக்குப் போய்ட்டு வந்தேன்டா. இத்தனை வருஷமா அந்தத் திப்பு மகால நான் சரியாப் பாத்ததே இல்ல."